வசனம் ருசிக்கவில்லை என்றால் ஆத்துமா பட்டினி கிடக்கிறதா?

கேள்வி: எனக்கு வயது 46. இருபது ஆண்டுகளாக விசுவாச வாழ்வில் இருக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை வேதத்தை முழுவதுமாக வாசித்து முடிப்பது என் வழக்கம். வீட்டு வேலைகளுக்கிடையே கைபேசியில் தினமும் மூன்று, நான்கு பிரசங்கங்களையாவது கேட்டுவிடுவேன். பக்கவாதம் வந்து படுக்கையில் இருக்கும் என் மாமியாருக்கு விழுங்குவதில் சிரமம் உண்டு. இரண்டு ஆண்டுகளாக மூன்று வேளையும் நான்தான் கரண்டியால் ஊட்டுகிறேன். கடந்த எட்டு மாதங்களாக எனக்கு வசனத்தில் எந்த ருசியும் இல்லை. ஜெபிக்க உட்கார்ந்தாலும் மனம் வெறுமையாக இருக்கிறது. சபையில் மூத்த சகோதரி ஒருவர், "ஆவிக்குரிய ஆகாரம் இல்லாமல் உங்கள் ஆத்துமா மெலிந்துபோய்விட்டது, மறைவான பாவம் இருக்கிறதா என்று ஆராய்ந்து, உபவாசமிருந்து ஜெபியுங்கள்" என்றார். தகுதியில்லாமல் பங்குபெறக்கூடாது என்ற பயத்தில் மூன்று மாதங்களாகத் திருவிருந்திலும் சேரவில்லை. தேவன் என்னைக் கைவிட்டுவிட்டாரா? ஆத்தும ஆகாரம் என்பது உண்மையில் என்ன? நல்ல போதனை கிடைக்கும் வேறு சபைக்குப் போய்விடலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள்.

தேவன் உங்களைக் கைவிட்டுவிட்டார் என்று எண்ணுவதற்கு உங்கள் கடிதத்தில் எந்த முகாந்திரமும் எனக்குத் தென்படவில்லை. ருசி போய்விட்டது என்பது ஒன்று, ஊட்டம் நின்றுபோய்விட்டது என்பது வேறொன்று. இவ்விரண்டையும் ஒன்றாகக் குழைத்துப் பேசுவது பிரசங்க மேடைகளில் சாதாரணமாகிவிட்டதால், உள்ளம் உருகினால் ஆத்துமா போஷிக்கப்பட்டது என்றும், உருகாவிட்டால் பட்டினி கிடக்கிறது என்றும் விசுவாசிகள் தங்களைத் தாங்களே அளந்துகொள்ளப் பழகிவிட்டார்கள். வேதம் ஆகாரத்தைப் பற்றிப் பேசும் விதம் அப்படிப்பட்டது அல்ல.

வனாந்தரத்தில் இஸ்ரவேல் ஜனங்களுக்குத் தேவன் கொடுத்த ஆகாரமான மன்னாவை எடுத்துக்கொள்ளுங்கள். யாத்திராகமம் 16ஆம் அதிகாரத்தில் அது தேனிட்ட பணிகாரத்தைப்போல் ருசியாக இருந்தது என்று வாசிக்கிறோம். எண்ணாகமம் 11ஆம் அதிகாரத்துக்கு வந்தால், அதே ஜனங்கள் எகிப்தில் சாப்பிட்ட மீனையும் வெள்ளரிக்காயையும் வெங்காயத்தையும் பூண்டையும் நினைத்து அழுகிறார்கள். கண்ணுக்கு முன்னே மன்னாவைத் தவிர வேறொன்றும் இல்லையே என்கிறார்கள். 21ஆம் அதிகாரத்தில் அது அவர்களுக்கு வெறுப்பான அற்ப உணவாகவே ஆகிவிடுகிறது. மன்னா மாறவில்லை, தின்றவர்களின் நாக்குதான் மாறியது. அவர்கள் முறுமுறுத்ததை நான் நியாயப்படுத்தவில்லை. நீங்கள் முறுமுறுக்கிறீர்கள் என்றும் சொல்லவில்லை. நான் சொல்ல வருவது அதற்குப் பிறகு நடந்ததைப் பற்றியது. நாற்பது ஆண்டுகளை முடித்து யோர்தானுக்கு இப்பால் நிற்கும் மோசே, "மனுஷன் அப்பத்தினால் மாத்திரம் பிழைப்பதில்லை" என்ற புகழ்பெற்ற வசனத்தைச் சொல்லிவிட்டு, அடுத்த வசனத்திலேயே அந்த நாற்பது வருஷமும் அவர்களுடைய வஸ்திரம் பழையதாய்ப் போகவும் இல்லை, கால் வீங்கவும் இல்லை என்று நினைவூட்டுகிறார். உபாகமம் 8:3 பிரசங்கத்தில் அடிக்கடி வருகிறது. 8:4 ஏனோ வருவதே இல்லை. ஆகாரம் வேலை செய்ததற்கு மோசே காட்டும் சாட்சி, நாக்கில் நின்ற இனிப்பு அல்ல, வனாந்தரத்தை நடந்து முடித்த கால்கள். எட்டு மாதமாக ருசியே இல்லாமல் ஒவ்வொரு நாளும் வேதத்தைத் திறக்கிறீர்கள், இன்னொருவருக்குப் பொறுமையோடு ஊட்டுகிறீர்கள். எதையும் உண்ணாத ஆத்துமா இவ்வளவு தூரம் நடந்திருக்காது.

ஆத்தும ஆகாரம் என்றால் என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். வேதவசனம், ஜெபம், ஐக்கியம், திருவிருந்து என்று பட்டியலிட்டுச் சொல்லிவிடலாம். அந்தப் பட்டியலில் பிழையும் இல்லை. ஆனால் யோவான் 6ஆம் அதிகாரத்தில் இயேசு அவ்வளவோடு நிற்கவில்லை. ஐயாயிரம் பேர் வயிறாரச் சாப்பிட்ட மறுநாள், இன்னும் அப்பம் கிடைக்கும் என்று தேடி வந்தவர்களிடம், தாம் தருகிற பொருளைப் பற்றி அல்ல, தம்மைப் பற்றியே பேசினார்: "ஜீவ அப்பம் நானே." கேட்டவர்களுக்கு அது இனிக்கவில்லை. இது கடினமான உபதேசம் என்று சொல்லிச் சீஷர்களில் அநேகர் பின்வாங்கிப் போனார்கள். நீங்களும் போய்விட மனதாயிருக்கிறீர்களோ என்று பன்னிருவரை அவர் கேட்டபோது, பேதுரு சொன்ன பதிலைக் கவனியுங்கள். எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்றோ, உம்முடைய வார்த்தை என் உள்ளத்தைக் கொழுந்துவிட்டு எரியச் செய்தது என்றோ அவன் சொல்லவில்லை. "ஆண்டவரே, யாரிடத்தில் போவோம்?" என்று கேட்டான். போக வேறு இடமில்லை என்று அறிந்து நின்றதுதான் அன்றைக்கு அவனுடைய விசுவாசம். உங்கள் கடிதம் முழுவதும் அந்தக் கேள்வியின் தொனிதான் எனக்குக் கேட்கிறது.

நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த அகஸ்டின் இதையே வேறொரு பக்கத்திலிருந்து பார்த்தார். நாம் உண்ணும் சாதாரண உணவு நம் உடலாக மாறுகிறது. கிறிஸ்துவாகிய ஆகாரத்தை உண்கிறவனோ அந்த ஆகாரத்தின் சாயலாக மாறுகிறான் என்பது அவருடைய கருத்து. இந்த மாற்றம் ஒரு நாளில் தெரிவதில்லை, மாறுகிறவருக்கே பெரும்பாலும் தெரிவதில்லை. ஆகவே, "இன்று எனக்கு எதுவும் கிடைத்ததாக உணரவில்லை" என்பதை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது.

இனி, உங்கள் வறட்சி எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பார்க்க வேண்டும். இங்கேதான் அந்த மூத்த சகோதரி அவசரப்பட்டுவிட்டார் என்று நினைக்கிறேன். 16ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டில் வாழ்ந்த சிலுவை யோவான் என்னும் துறவி, தாம் சேர்ந்திருந்த துறவற அமைப்பின் சக துறவிகளாலேயே 1577 டிசம்பரில் பிடிக்கப்பட்டு, தோலேதோ நகர மடத்தில் ஏறக்குறைய ஒன்பது மாதங்கள் அடைபட்டுக் கிடந்தவர். ஆத்தும வறட்சியைப் பற்றி அவரைவிடக் கூர்மையாக எழுதியவர்கள் சிலரே. தாய் தன் குழந்தைக்குப் பால்குடி மறக்கச் செய்வதற்காக மார்பில் கசப்பான கற்றாழைச் சாற்றைப் பூசி, மடியிலிருந்து இறக்கி நடக்க விடுவதைப்போல, தேவன் சில காலங்களில் இனிமையை எடுத்துவிடுகிறார் என்கிறார் அவர். எல்லா வறட்சியும் அப்படிப்பட்டது என்று அவர் சொல்லவில்லை. அசட்டையினால் வருவதும் உண்டு, உடல்நிலையாலும் மனச்சோர்வினாலும் வருவதும் உண்டு என்பதை அறிந்து, பிரித்தறிய மூன்று அடையாளங்களைத் தருகிறார். தேவ காரியங்களில் ருசி இல்லை, அதற்குப் பதிலாக வேறு எதிலும் ருசி தேடி ஓடவும் இல்லை. தேவனுக்குச் சரியாக ஊழியம் செய்யவில்லையே, பின்வாங்கிப்போகிறேனே என்ற கவலை விடாமல் உறுத்துகிறது. முன்புபோல் தியானிக்க முயன்றாலும் மனம் ஒத்துழைப்பதில்லை.

அசட்டையாக இருப்பவருக்கு இரண்டாவது அடையாளமான அந்தக் கவலை இருக்காது. உங்களுக்கு அது மிகுதியாகவே இருக்கிறது. மறைவான பாவத்தைத் தேடி உங்களை நீங்களே தோண்டிக்கொண்டிருக்க வேண்டாம். அப்படி ஒன்று இருந்திருந்தால், இவ்வளவு விரிவான கடிதத்தை எழுதும்போது அது எங்கோ ஒரு வரியில் எட்டிப் பார்த்திருக்கும். 131ஆம் சங்கீதத்தில் தாவீது தன் ஆத்துமாவைத் தாயின் பால்மறந்த குழந்தைக்கு ஒப்பிடுகிறார். அந்தக் குழந்தை இப்போது தாயிடம் பாலுக்காக வரவில்லை, தாய்க்காக வருகிறது. அதை இழப்பு என்று மட்டும் சொல்லிவிட முடியாது.

ஆனாலும் மனச்சோர்வு என்ற சாத்தியத்தை நான் ஒதுக்கிவிட மாட்டேன், நீங்களும் ஒதுக்க வேண்டாம். வசனம் மட்டுமல்லாமல் சாப்பாடு, தூக்கம், பேச்சு, முன்பு பிடித்திருந்த வேலைகள் என எதிலும் நாட்டமில்லாத நிலை இரண்டு வாரங்களுக்கு மேல் தொடர்ந்தால், மருத்துவரைப் பாருங்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் ஒருமுறை தலைகாட்டினால்கூட, நாள் கடத்தாமல் அன்றே வீட்டாரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். இது விசுவாசக் குறைவு அல்ல. படுக்கையில் இருப்பவரை ஆண்டுக்கணக்கில் இரவும் பகலும் கவனித்துக்கொள்கிறவர்கள் இந்த நிலைக்கு வருவது அபூர்வமும் அல்ல.

எலியாவின் கதை இங்கே தானாகவே வந்து நிற்கிறது. யேசபேலுக்குப் பயந்து வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடியின் கீழ் உட்கார்ந்து, போதும் கர்த்தாவே என்று சாவைக் கேட்ட தீர்க்கதரிசியிடம் வந்த தூதன் அவனை ஆராய்ந்துபார்க்கச் சொல்லவில்லை, உபவாசமிருக்கச் சொல்லவில்லை, அவனுடைய ஜெபத்தைத் திருத்தவும் இல்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் தலைமாட்டில் இருந்தன. சாப்பிட்டுவிட்டு அவன் மறுபடியும் படுத்துத் தூங்கினான். தூதன் அதையும் தடுக்கவில்லை. இரண்டாம் முறை எழுப்பியபோதுதான், "நீ பண்ணவேண்டிய பிரயாணம் வெகுதூரம்" என்ற வார்த்தை வந்தது. தேவன் அவனிடம், இங்கே உனக்கு என்ன காரியம் என்று கேட்டது அதற்கு நாற்பது நாள் கழித்து, ஓரேபில். கேள்விக்கு முன்னே அப்பம், அப்பத்துக்குப் பின்னே தூக்கம் என்ற அந்த வரிசையை மாற்றாதீர்கள். இப்போதைக்கு உபவாசம் வேண்டாம். வேளாவேளைக்குச் சாப்பிடுங்கள். வாரத்தில் ஓர் இரவாவது மாமியாரைக் கவனிக்கும் பொறுப்பைக் கணவரோ பிள்ளைகளோ ஏற்றுக்கொள்ளட்டும். நீங்கள் கேட்காமல் அவர்களாகச் செய்வார்கள் என்று காத்திருக்க வேண்டாம், கேளுங்கள். உங்களுக்கு உபவாசமிருக்கச் சொன்ன சகோதரி, அதற்குப் பதிலாக ஒரு மத்தியானம் வந்து மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், நெருக்கப்படுகிறவர்களின் சுமையை இறக்குவதே உபவாசம் என்று ஏசாயா 58ஆம் அதிகாரம் சொல்கிறதே, அதற்கு அது இன்னும் நெருக்கமாக இருந்திருக்கும்.

அடுத்தது, நீங்கள் உட்கொள்ளும் அளவு. உங்களுக்குக் குறைவாகக் கிடைக்கிறது என்று எனக்குத் தோன்றவில்லை. மென்று விழுங்க இடைவெளி இல்லாத அளவுக்கு அதிகமாகக் கிடைக்கிறது. வேதத்தில் 1,189 அதிகாரங்கள் இருக்கின்றன. ஓராண்டில் முடிக்க நாளுக்கு மூன்று அதிகாரங்களுக்குமேல் வாசிக்க வேண்டும். அதன்மேல் மூன்று, நான்கு பிரசங்கங்கள், காலையில் வாட்ஸாப்பில் வந்து குவியும் வாக்குத்தத்த வசனப் படங்கள் வேறு. மாமியாருக்கு ஊட்டும்போது நீங்கள் என்ன செய்கிறீர்கள்? அவரைச் சாய்த்து உட்காரவைத்து, ஒரு கரண்டி கொடுத்து, அது தொண்டைக்குள் இறங்கியதா என்று பார்த்த பிறகுதான் அடுத்த கரண்டியை எடுக்கிறீர்கள்; அவசரத்தில் இரண்டு கரண்டி சேர்ந்து போனால் புரையேறிவிடும் என்று உங்களுக்குத் தெரியும். அவருக்குக் காட்டும் அந்த நிதானத்தை உங்கள் ஆத்துமாவுக்கும் காட்டுங்கள்.

12ஆம் நூற்றாண்டில் பிரான்ஸில் தனிமையிலும் மௌனத்திலும் வாழும் கார்த்தூசியத் துறவிகளின் மடமொன்றுக்குத் தலைவராக இருந்த இரண்டாம் குய்கோ, வாசிப்பது உணவை வாயில் வைப்பது, தியானிப்பது அதை மெல்லுவது, ஜெபிப்பது அதன் சுவையை வெளிக்கொணர்வது, தேவ சமுகத்தில் தரித்திருப்பதே அந்த இனிமை என்று படிப்படியாக விளக்கினார். நீங்கள் முதல் படியிலேயே நாள் முழுவதும் நின்றுவிடுகிறீர்கள். ஆண்டு வாசிப்புத் திட்டத்தை இந்த வருடம் நிறுத்திவையுங்கள், அது பாவமல்ல. பிரசங்கம் ஞாயிறு ஒன்று போதும். வேலை செய்யும்போது வீடு அமைதியாக இருக்கட்டும்.

எப்படி மெல்லுவது என்று கேட்பீர்கள். ஓர் உதாரணமாக மாற்கு 5ஆம் அதிகாரத்தின் கடைசிப் பகுதியை, யவீருவின் வீட்டுக் காட்சியை, வாய்விட்டு மெதுவாக இரண்டு முறை வாசியுங்கள். வீட்டில் சந்தடி, அழுகை, நகைப்பு. பன்னிரண்டு வயதுப் பெண் எழுந்து நடக்கிறாள், எல்லாரும் பிரமிக்கிறார்கள். பெரும்பாலும் நாம் அந்தப் பிரமிப்போடு வேதத்தை மூடிவிடுகிறோம். அதற்குப் பின்னால் ஒரு சிறிய வாக்கியம் இருக்கிறது: அவளுக்குச் சாப்பிட ஏதாவது கொடுக்கும்படி அவர் சொல்கிறார். மரணத்தை ஜெயித்த அதே வாய், அடுத்த மூச்சிலேயே ஒரு சிறுமியின் பசியைப் பற்றிப் பேசுகிறது. தகப்பனும் தாயும் பரவசத்தில் அதை மறந்திருக்கலாம், அவர் மறக்கவில்லை. அன்றைக்கு அந்த ஒரு வாக்கியத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள். ஊட்டும் கரண்டியைக் கையில் எடுக்கும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள். மறுநாளும் அதே பகுதியையே வாசியுங்கள். புதிதாக எதுவும் தோன்றாவிட்டால் குறிப்பேட்டில் வலிந்து எதையும் எழுத வேண்டாம். ஒரு வாரம் ஒரே பகுதியில் தங்குவதற்கு முதலில் கொஞ்சம் பொறுமை வேண்டியிருக்கும். வேகமாக வாசித்தே பழகியவர்களுக்கு மூன்றாம் நாள் எரிச்சல்கூட வரும். அதைக் கடந்துவிடுங்கள்.

சமாரியாவில் கிணற்றடியில் சீஷர்கள் வாங்கி வந்த உணவைச் சாப்பிடச் சொன்னபோது, தம்மை அனுப்பினவருடைய சித்தத்தின்படி செய்து அவருடைய கிரியையை முடிப்பதே தமது போஜனம் என்று இயேசு சொன்னார். ஆத்தும ஆகாரத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இந்த வசனத்தை மிஷனரிகளுக்கும் போதகர்களுக்கும் உரியதாக ஒதுக்கிவிடுகிறோம். கீழ்ப்படிதலும் ஆகாரம்தான் என்றால், நீங்கள் நாளுக்கு மூன்று முறை அந்தப் பந்தியில் உட்காருகிறீர்கள். உங்கள் சோர்வை நான் மெழுகிப் பூசுவதற்காக இதைச் சொல்லவில்லை; சோர்வு உண்மையானது, ஓய்வு வேண்டும் என்பதைச் சொல்லிவிட்டேன். ஆவிக்குரிய வாழ்க்கை அதிகாலை அரைமணி நேரத்தில் மட்டும் நடக்கிறது, மற்ற நேரமெல்லாம் அதற்கு இடையூறு என்ற கணக்கு உங்களை அறியாமலே உங்களுக்குள் இருக்கிறது. அந்தக் கணக்கு தவறு.

சபை மாறுவதைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். வேதம் திறக்கப்படாத, மேய்ப்பர்கள் தங்களையே மேய்த்துக்கொள்கிற இடமாக உங்கள் சபை இருந்தால் அது வேறு விஷயம். உங்கள் கடிதத்தில் அப்படி ஒரு குற்றச்சாட்டு இல்லை. எட்டு மாதத்துக்கு முன்புவரை அதே பிரசங்கம் உங்களுக்கு ருசித்திருக்கிறது. வறட்சியான காலத்தில், அதற்கு முன்பு தெளிவாக இருந்தபோது எடுத்த தீர்மானங்களை மாற்றக்கூடாது என்பது இயேசு சபை என்னும் துறவற அமைப்பை நிறுவிய இக்னேஷியஸ் லயோலா தந்த ஆலோசனை. இப்போதைக்கு இருக்கும் இடத்திலேயே இருங்கள்.

கடைசியாகத் திருவிருந்து. உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்திய பகுதி இதுதான். அபாத்திரமாய்ப் புசிப்பதைப் பற்றிப் பவுல் எச்சரித்தது கொரிந்து சபையில் நடந்த ஒரு குறிப்பிட்ட காரியத்துக்காக. வசதியுள்ளவர்கள் தங்கள் உணவை முந்திச் சாப்பிட்டு வெறித்திருக்க, இல்லாதவர்கள் பசியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள். இல்லாதவர்களை வெட்கப்படுத்துகிறீர்களா என்று அவர் கேட்கிறார்; ஒருவருக்காக ஒருவர் காத்திருங்கள் என்று முடிக்கிறார். உள்ளத்தில் உருக்கம் இல்லாதவர்கள் விலகியிருங்கள் என்று அந்த அதிகாரத்தில் எங்கும் சொல்லப்படவில்லை. தன்னைத்தானே சோதித்தறிந்து, பிறகு புசிக்கக்கடவன் என்றுதான் வசனம் போகிறது. சோதித்தறிந்து விலகிப்போகக்கடவன் என்று அல்ல. பசி இல்லை என்பதற்காக நோயாளியின் முன்னாலிருந்து தட்டை எடுத்துவிடுவீர்களா? நீங்கள் எடுக்க மாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும்.

அடுத்த முறை திருவிருந்து ஆராதனைக்குப் போய்ப் பங்குபெறுங்கள். அதற்கு முன்பே இன்னொன்றும் செய்யலாம். படுக்கையில் இருப்பவர்களுக்கு வீட்டிலேயே திருவிருந்து கொடுப்பது போதகரின் கடமைகளில் ஒன்று. மாமியார் விசுவாசியாக இருந்து அவருக்கும் விருப்பமிருந்தால், உங்கள் போதகரிடம் பேசி ஒரு நாள் கேளுங்கள்; மாமியார் விழுங்கச் சிரமப்படுவதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், அப்பத்தைச் சிறு துணுக்காக்கி ரசத்தில் நனைத்துக் கொடுப்பார். அவருக்கு அந்த நிலையில் எது பாதுகாப்பு என்பதை மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அன்றைக்கு நீங்களும் அங்கேயே பெற்றுக்கொள்ளுங்கள். உங்கள் எட்டு மாத வறட்சியைப் பற்றியும் அப்போதே போதகரிடம் சொல்லிவிடலாம். எனக்கு எழுதியதை அவருக்கு இன்னும் சொல்லவில்லை என்றே உங்கள் கடிதத்திலிருந்து தெரிகிறது.